கப்பலில் போய்வந்த கவுன்

என் மனைவி கேம்ப்பெல் பேக்குக் கப்பலேறிய அன்று அவளுடைய பெட்டி மூடவில்லை. நான் மேலே ஏறி உட்கார்ந்து பார்த்தேன். அப்போதும் ஜிப் பாதியில் நின்றது. அவள் உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை உருவிக் கட்டில்மேல் போட்டாள். பெட்டி மூடிக்கொண்டது.

அந்தப் பையில் முனை வளைந்த ஒரு குரோஷியா ஊசியும், சந்தன நிறத்தில் பருத்தி நூல் உருண்டைகளும், கழுத்திலிருந்து ஒரு சாண் தூரம் பின்னி நிறுத்திய கவுன் ஒன்றும் இருந்தன.

"இது இங்கயே இருக்கட்டும். வந்து முடிச்சுக்கிறேன்," என்றாள்.

வருவது எப்போது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவள் நர்ஸ். முதல் போஸ்டிங்கே நிக்கோபார் பக்கம், எங்கள் தீவுகளின் தென்கோடியில். இரண்டு வருடம் முடிந்தால்தான் டிரான்ஸ்ஃபர் கேட்டு எழுதவே முடியும். நான் பெரார்கஞ்சில் அரசுப் பள்ளிக் கணக்கு ஆசிரியன். வீடு சிப்பிகாட்டில், அப்பா அம்மாவோடு. எங்களுக்குக் கல்யாணமாகி வருடம் திரும்பியிருக்கவில்லை. கப்பலில் போனால் இரண்டு இரவு, கடல் கோபமாக இருந்தால் மூன்று. ஹெலிகாப்டர் உண்டு. ஆனால் அதில் இடம் நோயாளிகளுக்கும் பெரிய அதிகாரிகளுக்கும்தான். பெண்டாட்டியைப் பார்க்க ஆசைப்படுகிறவனுக்கு அதில் சீட் கிடையாது.

அந்தக் கவுனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் அதைப் போனில் பார்த்துத்தான் ஆரம்பித்தாள். யார் போட்டாலும் அவரவர் உடம்புக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளக்கூடிய கவுன். தோளில் தைப்பதில்லை, பட்டைகளை முடிந்துகொள்ள வேண்டும். பக்கவாட்டில் மூடுவதில்லை, ஷூ லேஸ் போல நூல்கயிறு கோத்து இறுக்கலாம், தளர்த்தலாம். கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னிக்கொண்டே வருவதால் முழங்கால் வரை வேண்டுமென்றால் அங்கே நிறுத்தலாம், கணுக்கால் வரை வேண்டுமென்றால் இன்னும் சில வரிசை போகலாம். உள்ளே மெல்லிய வெள்ளை ஸ்லிப் போட்டுக்கொண்டால் போதும்.

"நைட்டி உடம்போட ஒட்டிக்குதுங்க. இதுன்னா ஓட்ட ஓட்டயா இருக்கும். காத்து ஒரு பக்கம் வந்து ஒரு பக்கம் போயிரும்," என்பாள். அவள் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வெக்கையும் புழுக்கமும் அவளுக்குப் புதிதல்ல. ஆனாலும் புழுக்கத்தை அவள் ஒருநாளும் மன்னித்ததில்லை.

அவள் போன பிறகு அந்தப் பை கட்டிலில் அவள் பக்கத்திலேயே கிடந்தது. எடுத்து அலமாரியில் வைக்க மனம் வரவில்லை. ஒரு மழை ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரித்துப் பார்த்தேன். கடைசிக் கண்ணியில் ஊசி மாட்டியபடியே இருந்தது. அவள் விரல் விட்ட இடம் அது. நான் அதே இடத்தில் பிடித்தேன்.

போனில் வீடியோ போட்டுப் பார்த்து, பார்த்துப் பின்னி, பின்னியதைப் பிரித்து, மறுபடி பின்னினேன். குரோஷியாவில் ஒரு நல்ல குணம் உண்டு. ஊசியில் எப்போதும் ஒரே ஒரு கண்ணிதான் இருக்கும். தப்புப் பண்ணினால் நூலை இழுத்தால் போதும், எல்லாம் சரசரவென்று அவிழ்ந்து பழையபடி நூலாகிவிடும். ஆனால் அந்த நூல் நேராக இருக்காது. எங்கே எப்படி மடங்கியிருந்தது என்பது சுருள் சுருளாக அதிலேயே தங்கிவிடும்.

அப்பா வாசலில் குடையை உதறிவிட்டு வந்து பார்த்தார். ராமநாதபுரத்திலிருந்து சிறுவயதில் வந்து கான்ட்ராக்டரிடம் ரோடு போடும் வேலைக்குச் சேர்ந்தவர். கையெழுத்து மட்டும் போடுவார்.

"என்னடா, பி.எஸ்சி., பி.எட்.னு ரெண்டு பட்டம் வாங்கிட்டு நூல் சுத்துற?"

"அவளோடதுப்பா. பாதியில நிக்குது."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பொண்டாட்டி நெனப்பு வந்தா எல்லாரும் போன் போடுவாங்க. என் புள்ள முடிச்சுப் போடுறான்."

போனும் போட்டேன்தான். ஆனால் அவளுக்கு டூட்டி மாறிக்கொண்டே இருக்கும், லைன் இழுத்துக்கொண்டே இருக்கும். "சாப்பிட்டியா" என்று நான் கேட்டது போய்ச் சேர்ந்து, அவள் "ம்" என்பதற்குள் குரல் தண்ணீருக்குள் போய்விடும். பல நாள் என் மெசேஜ் ஒற்றை டிக்கோடு நின்றிருக்கும். அந்த ஒற்றை டிக்கைப் பார்த்தபடி பஸ்ஸில் பெரார்கஞ்ச் வரை போய்விடுவேன்.

மார்பு வரை பின்னி முடித்ததும் அளவு சரியா என்ற கேள்வி வந்தது. அவள் விட்டுப்போன ஊதா நிறச் சுடிதாரைப் படுக்கையில் விரித்து அதன்மேல் வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஆனாலும் ஆள் போட்டுப் பார்க்காமல் மேலே போகக் கூடாது என்று வீடியோவில் சொன்னார்கள். எனவே அனுப்பிவைத்தேன்.

எங்கள் தீவுகளில் பார்சல் அனுப்ப ஒரு வழி உண்டு. கப்பல் புறப்படும் நாளில் துறைமுக ஜெட்டிக்குப் போய் வரிசையில் நிற்கும் முகங்களைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் இரக்கமான முகமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, "கேம்ப்பெல் பே?" என்று கேட்க வேண்டும். தலையாட்டினால் பையைக் கொடுத்துவிடலாம். உள்ளே என்ன என்று கேட்க மாட்டார்கள், காசு வாங்க மாட்டார்கள். வங்காளியோ தெலுங்கரோ நிக்கோபாரியோ, யாராக இருந்தாலும் சரி. இன்று நான் கொண்டுபோனால் நாளை எனக்கு யாராவது கொண்டுவருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கொடுத்த கையோடு அவரைப் போட்டோ எடுத்து அந்தப் பக்கம் அனுப்பிவிட வேண்டும். அங்கே அந்த முகத்தைத் தேடிப் பிடித்து வாங்கிக்கொள்வார்கள். இன்றும் என் போனில் பெயர் தெரியாத மனிதர்களின் படங்கள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொருவர் கையிலும் என் மஞ்சள் பை.

முதல் முறை போட்டுப் பார்த்துவிட்டு அவள் குரல் பதிவு அனுப்பினாள். "மாஸ்டர்ஜி, நல்லாத்தான் இருக்கு. தோள்பட்டதான் ரெண்டு விரல் இறுக்குது. கைய தூக்க முடியல. அனுப்பிவிடுறேன், கொஞ்சம் பாருங்க."

அடுத்த கப்பலில் கவுன் திரும்பி வந்தது. பட்டையை நீட்டி, வயிறு வரை பின்னி, மறுபடி அனுப்பினேன். இந்த முறை இடுப்பில் தொளதொளவென்று இருக்கிறதாம். எனக்குப் பகீரென்றது. ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, இளைத்துவிட்டாள் என்று தோன்றியது. அம்மாவிடம் சொன்னேன். அம்மா முறுக்கும் பருப்புப் பொடியும் செய்து பையில் திணித்தாள். பக்கத்துக் கயிற்றை நெருக்கிக் கோத்து அனுப்பினேன். அதற்கடுத்த கப்பலில், "இப்ப இடுப்பு பரவால்ல. ஆனா முதுகுப் பக்கம் பிடிக்குதுங்க," என்று வந்தது.

நூல் தீர்ந்தபோது அபர்டீன் பஜாரில் பாய் கடைக்குப் போனேன். கீழக்கரைக்காரர். அவருடைய அத்தா காலத்திலிருந்து அங்கே கடை. நான் கொண்டுபோன துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதே கலர் இப்ப இல்ல வாத்தியாரே. மெயின்லேண்ட்லேருந்து சரக்கு வரணும். வந்தாலும் இதே மாதிரி இருக்கும்னு கேரண்டி கிடையாது. ஒவ்வொரு தடவையும் சாயம் ஒரு மாதிரி."

"கொஞ்சம் மாறினா பரவால்ல பாய். ஆனா ஒரு சந்தேகம். இந்த நூல் சுருங்குமா?"

"ஏன்?"

"இங்க அளந்தா சரியா இருக்கு. அங்க போனா இறுக்குதுங்குறா. திரும்பி வந்தா மறுபடி சரியா இருக்கு."

பாய் தாடியைத் தடவினார். கடையில் நின்றிருந்த இன்னொருவர், "கப்பல்ல இஞ்சின் ரூம் பக்கம் வச்சிருப்பாங்க. சூட்டுல சுருங்கும்," என்றார். அதெப்படி, உப்புக் காற்றில் நூல் தளரத்தான் செய்யும் என்றார் பாய். இருவரும் வெகுநேரம் பேசினார்கள். நான் அத்தனையும் கேட்டுக்கொண்டேன். அடுத்த முறை கவுனை இரண்டு பாலித்தீன் உறைக்குள் காற்றுப் புகாமல் கட்டி, கொண்டுபோனவரிடம், "இஞ்சின் பக்கம் வைக்காதீங்க பாய்சாப், ப்ளீஸ்," என்று கேட்டுக்கொண்டேன். அவர் உள்ளே மருந்து இருக்கிறதென்று நினைத்திருக்க வேண்டும். குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டார்.

மழைக்காலம் முழுக்க இப்படியே போனது. கவுன் போவதும் வருவதுமாக இருந்தது. ஒவ்வொரு சரக்கு நூலும் ஒவ்வொரு நிறம் என்பதால் அதில் பட்டை பட்டையாக வரிகள் விழுந்தன. மேலே சந்தனம், பிறகு வெளிறிய சந்தனம், பிறகு கிட்டத்தட்ட மணல் நிறம். நான் கணக்கு ஆசிரியன் அல்லவா, ஒருநாள் உட்கார்ந்து அவள் சொன்ன அளவுகளையெல்லாம் சேர்த்து ஒரு படம் வரைந்து பார்த்தேன். இடுப்பு இளைத்திருக்கிறது, முதுகு அகன்றிருக்கிறது, ஒரு தோள் மற்றதைவிட உயர்ந்திருக்கிறது, போன மாதம் வளர்ந்த உயரம் இந்த மாதம் குறைந்திருக்கிறது. அப்படி ஒரு பெண் உலகத்தில் இருக்க முடியாது. நான் எங்கோ தப்பாக அளக்கிறேன் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

அம்மாவுக்கு வேறு கவலை. "ஆஸ்பத்திரியில ஆளத் தூக்கித் தூக்கித் தோளு அகண்டு போச்சோ என்னவோ. அந்தப் பொண்ண வேலைய விட்டுட்டு வரச் சொல்லுடா."

"அவ படிச்ச படிப்புமா."

"அப்ப நீ போய்ட்டு வா."

அப்பா உடனே தலையிட்டார். "அவன் எப்படிப் போவான்? ப்ரொபேஷன்ல இருக்கான். சர்க்கார் வேல. இப்ப லீவு கேட்டா என்ன நெனப்பாங்க?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்பாவின் வேலையில் லீவு என்று ஒன்று கிடையாது. போனால் கூலி, போகாவிட்டால் இல்லை. காய்ச்சலோடு தாரில் நின்றிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் முதலில் வந்தது எனக்குத்தான். அது ஒரு கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வீட்டுக்குள் இருந்தது. யாரும் அதன் பக்கத்தில் சத்தமாகக்கூடப் பேசுவதில்லை. லீவு என்பது எனக்கும் உண்டு, கேட்டால் கொடுப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒருமுறை கவுனைக் கொண்டுவந்தவர் கேம்ப்பெல் பேயில் டீக்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா. மகள் வீடு குட்வில் எஸ்டேட்டில். அங்கே வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். பள்ளி விட்டு நேராகப் போனேன். கதவைத் திறந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, நீதானா அந்த கவுன் பின்ற மாஸ்டர்ஜி?"

"ஆமாக்கா."

"ஆவோ, ஆவோ. பைட்டோ." நாற்காலியில் கிடந்த துணிகளை ஒதுக்கிவிட்டு உட்காரச் சொன்னார். டீயைக் கையில் கொடுத்தார். "எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன் போ. எங்க ஊர்ல ஒரு சிஸ்டருக்கு வீட்டுக்காரரே துணி பின்னி அனுப்புறாருனு."

எனக்கு வெட்கமாக இருந்தது. "சரியாவே வர மாட்டேங்குதுக்கா. இந்தத் தடவ எங்க இறுக்குதுனு ஏதாவது சொன்னாளா?"

"இறுக்குதா?" அவர் எதிரே உட்கார்ந்தார். "நான்தான் அந்தக் குவார்ட்டர்ஸுக்கு தினம் பால் ஊத்துறவ. லீவு நாள்னா காலையிலேருந்து அதத்தான் போட்டுக்கிட்டு இருக்கும். ஏக்தம் ஃபிட். அளவெடுத்து ஊத்துன மாதிரி. பக்கத்துல இருக்குற மலையாளி சிஸ்டர் எங்க வாங்கினனு கேட்டுச்சு. எங்க வீட்டுக்காரர் பின்னினதுனு சொல்லும்போது அந்தப் புள்ள மூஞ்சியப் பாக்கணுமே!"

"அப்புறம் ஏன் ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்புறா?"

அவர் ஒதுக்கிவைத்த துணியில் ஒன்றை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"நீ எத்தனாவதுக்குப் பாடம் எடுக்குற தம்பி?"

"பத்தாவதுக்கு."

"என்ன பாடம்?"

"கணக்கு."

"சரி. டீயக் குடி, ஆறிரும்."

பஸ்ஸில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிரித்தேன். மேலே மடித்திருந்த கவுனில் தேங்காயெண்ணெய் வாசம் இருந்தது. கழுத்தோரத்தில் பவுடர். வயிற்றுப் பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளி, ரசமோ குழம்போ. அப்படிப்பட்ட புள்ளிகளை முன்பும் பார்த்திருக்கிறேன். கப்பலில் யாருடைய சாப்பாடோ சிந்திவிட்டது என்று துவைத்திருக்கிறேன். ஒரு நிமிடம் போட்டுப் பார்த்துக் கழற்றிய துணியில் இத்தனை நாள் வாழ்ந்த வாசம் எப்படி வரும்? ஒவ்வொரு முறையும் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நான் டேப்பை எடுத்துக்கொண்டு தோள்பட்டையை அளந்துகொண்டிருந்தேன்.

கவுன் சரியாகிவிட்டால் அது அங்கேயே தங்கிவிடும். பிறகு கப்பலில் போய்வர எங்களுக்குள் ஒன்றுமிருக்காது.

சிப்பிகாட் வந்தது. இறங்க மறந்து அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மழையில் நடந்து வந்தேன்.

அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? "ஏன் பொய் சொன்னாய்" என்று கேட்டால், அந்தப் பொய்யில் நான் குடியிருந்த மாதங்களையும் சேர்த்து அவிழ்த்துவிட்டதாகிவிடும். கவுனில் பின்ன இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. கீழே கரை மட்டும். கரையை நான் போடவில்லை. தோளில் முடியும் பட்டை ஒன்றை முழுக்க அவிழ்த்து, இந்த முறை வேண்டுமென்றே ஒரு சாண் குறைத்துப் பின்னினேன். யாராலும் முடிந்துகொள்ளவே முடியாத அளவுக்கு. இதைத் திருப்பி அனுப்ப அவள் காரணம் எதுவும் தேட வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த வகையில் நான் எழுதிய ஒரே காதல் கடிதம் அதுதான்.

போய்ச் சேர்ந்த அன்று பதில் இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள் மத்தியானம், ஆசிரியர் அறையில் இருந்தபோது குரல் பதிவு வந்தது.

"மாஸ்டர்ஜி, இந்தத் தடவ எல்லாம் சரியா இருக்கு. ஒரு குறையும் இல்ல."

அவ்வளவுதான். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஒரு சாண் குறைந்த பட்டை எப்படிச் சரியாக இருக்கும்? அவளுக்கு அலுத்துவிட்டது என்று நினைத்தேன். இந்தப் போக்கும் வரவும் போதும் என்று முடிவுகட்டிவிட்டாள் என்று நினைத்தேன். விளையாட்டு மைதானத்தின் ஓரத்துக்குப் போய்ப் போன் போட்டேன். அதிசயமாக லைன் தெளிவாக இருந்தது.

"எப்படிச் சரியா இருக்கும்?" என்றேன்.

"ஏன் இருக்கக் கூடாது?"

"ஒரு பட்ட சின்னதா இருக்கே."

"தெரியும்ல? தெரிஞ்சேதான் பின்னுனீங்க?"

அங்கே பின்னால் கோழி ஒன்று கத்துவது கேட்டது.

"அந்த டீக்கட அக்கா வாயில ஒண்ணும் நிக்காதுனு எனக்குத் தெரியும்," என்றாள். சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "போதுங்க. துண்டு துண்டா வந்துட்டுப் போறது போதும். ஒவ்வொரு தடவையும் அதக் கட்டி யாரு கையிலயோ குடுத்துட்டுக் குவார்ட்டர்ஸுக்கு வந்தா, அன்னிக்கு முழுக்கப் புழுக்கமா இருக்கு. இனி அத நான் திருப்பி அனுப்ப மாட்டேன். ஊசிய எடுத்துக்கிட்டு நீங்க வாங்க. இங்க உக்காந்து சரி பண்ணிக் குடுங்க."

"எனக்கு லீவு..."

"கேட்டீங்களா?"

"இல்ல."

"கேட்டுப் பாக்கலயா? இத்தன மாசத்துல ஒரு தடவகூடவா?"

அவள் குரலில் இருந்தது கோபமா என்று இன்றும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அன்று கடைசி மணி அடிப்பதற்குள் விண்ணப்பம் எழுதினேன். ஒரு வரியை நாலு விதமாக எழுதி அடித்தேன். தலைமையாசிரியர் வங்காளி. எங்களுக்குள் பேச்சு ஹிந்தியில்தான். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படிப்பதற்குள் என் சட்டைக் காலர் நனைந்துவிட்டது. படித்து முடித்துக் கையெழுத்துப் போட்டார். மேலே ஒரு கேள்வியும் இல்லை. பேனாவை மூடிய பிறகுதான் நிமிர்ந்தார்.

"பீவி உதர், தும் இதர். இத்னே தின் க்யா கர் ரஹே தே?"

பெண்டாட்டி அங்கே, நீ இங்கே, இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய்? கவுன் பின்னிக்கொண்டிருந்தேன் என்று அவரிடம் சொல்ல முடியுமா? "கேட்கத் தெரியவில்லை சார்," என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த காகிதத்தை எடுத்தார்.

வீட்டில் சொன்னபோது அப்பா "சம்பளத்தோடவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப போய்ட்டு வா," என்றார்.

கடல் சரியில்லையென்று கப்பலை ஒருமுறை தள்ளிப்போட்டார்கள். மறுமுறையும் தள்ளிப்போட்டார்கள். லீவு நாட்கள் ஜெட்டியைப் பார்த்தபடியே கரைந்தன. கடைசியாகப் புறப்படும் என்று சொன்ன காலையில் முதல் ஆளாக வரிசையில் நின்றேன். பையில் ஊசி, பாய் எடுத்துவைத்திருந்த மணல் நிற நூல், அம்மாவின் முறுக்கு. போய்ச் சேர்ந்தால் கையில் நாலைந்து நாள்தான் மிஞ்சும். பிறகு மறுபடி இதே ஜெட்டி, இதே கடல். டிரான்ஸ்ஃபருக்கு இன்னும் காலம் கிடக்கிறது. அதெல்லாம் தெரிந்துதான் நின்றேன். பட்டையைச் சரி செய்வேன். கரையை மட்டும் போட மாட்டேன் என்று முடிவு செய்திருந்தேன். கரை போட்டால் நூலை அறுத்து முடிச்சிட வேண்டும்.

வரிசை நகர ஆரம்பித்தபோது ஒரு பெண் ஓடி வந்தாள். என் வயதுதான் இருக்கும், தலை முழுக்க மழை. முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றாள்.

"பையா, கேம்ப்பெல் பே?"

தலையாட்டினேன். செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை நீட்டினாள். மெத்தென்று இருந்தது. "மேரா ஆத்மி லேனே ஆயேகா," என்றாள். அவள் வீட்டுக்காரர் வந்து வாங்கிக்கொள்வாராம்.

போனை எடுத்து என்னைப் படம் பிடித்தாள். பொட்டலம் தெரிகிற மாதிரி நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை.